முதலில் சிரிக்கட்டும்

நம் சங்கத்தின் செயற்குழு இவ்வாண்டு ஒரு நல்ல தீர்மானம் செய்திருக்கிறது. கொல்கத்தாவின் தென்பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளுக்காகத் தமிழ் நூல்கள் அடங்கிய பெட்டி ஒன்றை அமைப்பது, அதனை மாதத்துக்கு ஒரு வீடாகச் சுற்றில் விடுவது என்பதே அத்தீர்மானம். வாங்க வேண்டிய நூல்களின் பட்டியல் ஒன்றும் உறுப்பினர்களின் பார்வைக்கு வந்தது. தீர்மானத்தை இரு கை கூப்பி வரவேற்கிறேன். பட்டியலை வரவேற்க என்னால் இயலவில்லை. காரணத்தைக் கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாமையால் இங்கே எழுதுகிறேன்.

பட்டியலில் பாதிக்கு மேல் நீதிக் கதைகள். பெயர்கள் வேறு, பதிப்பகங்கள் வேறு, உள்ளே இருப்பது ஒன்றுதான். அவற்றை அடுத்துப் பெரியோர் வாழ்க்கை வரலாறுகள். திருக்குறளுக்குச் சிறுவர் உரை மூன்று. கடைசியில், எவரும் மறுக்க மாட்டார் என்ற நம்பிக்கையுடன், 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள். படித்துப் பார்த்தபோது மருந்துக் கடையின் சரக்குப் பட்டியல் போலத் தோன்றிற்று. பொய் சொல்லும் பழக்கத்துக்கு இது, சோம்பலுக்கு இது, பெரியோர் சொல் கேளாமைக்கு இது, தமிழ்ப் பற்றுக் குறைவுக்கு இது என்று வரிசையாக அடுக்கியிருக்கிறோம். பசிக்கு ஒன்றும் இல்லை.

யாருக்காக இந்தப் பெட்டி என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கின்றனர். அவ்வீட்டுக் குழந்தை அம்மாவிடம் தமிழ் பேசுகிறது. எதிர்வீட்டுத் தோழனிடம் வங்காளி பேசுகிறது. பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதுகிறது. இந்தியையும் ஒரு பாடமாகப் படிக்கிறது. நான்கு மொழிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் அக்குழந்தையைப் பார்த்து, ஊரிலிருந்து வரும் உறவினர், "ஐயோ, தமிழ் தெரியாத பிள்ளையாய் வளர்கிறதே!" என்று அங்கலாய்ப்பது அநியாயம். தமிழ் அதற்குத் தெரியும். தமிழ் எழுத்துத்தான் தெரியாது. செவியில் தமிழ் இருக்கிறது, கண்ணில் இல்லை.

இந்த வேறுபாட்டைப் பலர் சிறியதாக எண்ணுகின்றனர். நான் அப்படி எண்ணவில்லை. வங்காள எழுத்துகளைக் கற்ற குழந்தையிடம் தமிழ் நெடுங்கணக்கைக் காட்டிப் பாருங்கள். அங்கே ககர வரிசையில் ஒலிக்கு ஓர் எழுத்தாக நான்கு எழுத்துகள் இருக்கின்றன. இங்கே ஒரே 'க'. அந்த ஒரே எழுத்து 'கல்' என்பதில் ஒரு விதமாகவும், 'தங்கம்' என்பதில் வேறு விதமாகவும், 'அகம்' என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிப்பது ஏன் என்று குழந்தை கேட்கும். இலக்கணம் கற்ற நாம் வல்லினம், இனவெழுத்து என்று விளக்கத் தொடங்குவோம். ஏழு வயதுக் குழந்தைக்கு அவ்விளக்கத்தால் ஒரு பயனும் இல்லை. ஆனால் 'தங்கம்' என்ற சொல்லை நூறு முறை கேட்ட குழந்தைக்கு விளக்கமே தேவையில்லை. எழுத்துக் கூட்டும்போதே செவி வந்து திருத்திவிடுகிறது. ஆகவே தமிழ் படிக்கக் கற்பதற்கு முன் தமிழ் நிறையக் கேட்டிருக்க வேண்டும். அடுக்களைத் தமிழ் மட்டும் போதாது. 'சாப்பிட வா', 'பல் தேய்', 'டியூஷனுக்கு நேரமாச்சு' என்ற மூன்று வாக்கியங்களுக்குள் சுற்றிவரும் தமிழைக் கொண்டு எந்த நூலையும் படிக்க முடியாது. பெட்டியில் இருக்க வேண்டியவை, முதலில், பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதற்கு ஏற்ற நூல்கள்.

அப்படிப்பட்ட நூலை எவ்வாறு தெரிந்தெடுப்பது? நான் இருக்கும் மாநிலத்தையே சான்றுக்கு அழைக்கிறேன்.

வங்காளி நண்பர் எவர் வீட்டுக்கேனும் சென்று, சிறுவயதில் என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் முதலில் வரும் பெயர் சுகுமார் ராய். சத்யஜித் ராயின் தந்தை. அவருடைய 'ஆபோல் தாபோல்' என்னும் பாட்டு நூல் 1923 செப்டம்பரில் வெளிவந்தது. அச்சான நூலைப் பார்க்க அவர் இல்லை. காலா அசார் என்னும் காய்ச்சலால் சில நாட்களுக்கு முன்னரே இறந்துவிட்டார். வயது 35. நோயில் கிடந்தபடியே அவர் எழுதியும் படம் வரைந்தும் முடித்த அந்த நூலில் நீதி என்று ஒன்றும் இல்லை. வாத்தும் முள்ளம்பன்றியும் ஓருடலாக ஒட்டிக்கொண்ட பிராணி ஒன்று அதில் வருகிறது. அவருடைய 'ஹ-ஜ-ப-ர-ல' என்னும் கதையில் கைக்குட்டை பூனையாகிவிடுகிறது. நாற்பது வயது ஆனதும் வயதைத் திருப்பிவிட்டு இறங்கச் செய்யும் கிழவர்கள் வருகிறார்கள். பொருளற்ற உளறல் என்று நம்மூர்ப் பெரியவர் ஒருவர் புறந்தள்ளியிருப்பார். நூறாண்டு கடந்தபின் இன்றும் அந்த உளறலை வங்காளிப் பேராசிரியர்கள் மனப்பாடமாகச் சொல்கின்றனர். சொல்லும்போது முகம் மலர்கின்றனர்.

சுகுமாரின் தந்தை உபேந்திரகிஷோர் 1913இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இதழின் பெயர் 'சந்தேஷ்'. வங்காளத்தில் அச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள்; பாலாடைக்கட்டியால் செய்யும் இனிப்புக்கும் அதுதான் பெயர். பெயரிலேயே அவர் தம் கொள்கையைச் சொல்லிவிட்டார். நின்றுபோன அவ்விதழை 1961இல் பேரன் சத்யஜித் மீண்டும் உயிர்ப்பித்தார். துப்பறியும் ஃபெலூடா முதன்முதலில் 1965இல் அதில்தான் தோன்றினார். அரிச்சுவடியிலும் வங்கத்தார் அசட்டை செய்யவில்லை. 1930இல் வந்த 'சஹஜ் பாட்' என்னும் பால பாடத்தை எழுதியவர் தாகூர். படம் வரைந்தவர் நந்தலால் போஸ். நாட்டின் தலைசிறந்த கவிஞரும் தலைசிறந்த ஓவியரும் உட்கார்ந்து முதல் வகுப்புக் குழந்தைக்கு நூல் செய்தனர்!

இதனைப் படித்துவிட்டு, "நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது?" என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. அப்பெருமூச்சு எனக்குப் பிடிப்பதில்லை. இருப்பதை எடுத்துப் பாராமல் இல்லை என்பது நம்மவர்க்கு ஒரு பொழுதுபோக்கு.

வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழில் எழுதிய நகைச்சுவை நூல். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறார்கள். 'சுர்' என்றது, ஆகவே ஆறு விழித்திருக்கிறது! பிறகு அணைந்த கட்டையையே மறுபடி வைத்துப் பார்த்து, சத்தம் இல்லாமையால் ஆறு தூங்கிவிட்டது என்று நம்பிக் கடக்கிறார்கள். கரையேறித் தலைகளை எண்ணினால் ஆறு பேருக்கு ஐந்து பேர்தான் தேறுகிறது. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான்.

கடந்த ஓராண்டாக ஞாயிறுதோறும் நானும் நண்பர் இருவரும் சில வீடுகளில் குழந்தைகளைக் கூட்டிவைத்து வாசித்து வருகிறோம். இந்த இடத்தை வாசித்தபோது ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி துள்ளி எழுந்து, "அண்ணா, அவன் தன்னை எண்ணிக்கவே இல்லை!" என்று கத்தினாள். மற்றவர்களும் கத்தினார்கள். அவளுடைய தம்பி அறையில் இருந்தவர்களை எண்ணத் தொடங்கி, வேண்டுமென்றே தன்னை விட்டுவிட்டு, ஒருவர் காணவில்லை என்று அழுவது போல நடித்தான். அன்று அதற்கு மேல் வாசிப்பு நடக்கவில்லை. மறு வாரம், குதிரை முட்டை என்று எண்ணிப் பூசணிக்காயை வாங்கிவந்த கதையை அவர்களே கேட்டு வாங்கினார்கள்.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. நீதிக் கதையில் ஆசிரியர் மேலே நிற்கிறார். குழந்தை கீழே நிற்கிறது. ஆசிரியருக்குத் தெரிந்தது குழந்தைக்குத் தெரியாது. கடைசி வரியில் அதை அவர் சொல்லித் தருவார். பரமார்த்த குருவின் கதையில் குழந்தை மேலே நிற்கிறது. தாடி வைத்த குருவுக்கும் தடித்த சீடர்களுக்கும் தெரியாதது அதற்குத் தெரிந்திருக்கிறது. நாள் முழுவதும் நான்கு மொழிகளில் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு, தமிழில் ஒரு பெரியவரைத் திருத்தும் வாய்ப்புக் கிடைக்கிறது. எத்துணைப் பெரிய பரிசு!

பாட்டுக்கு அழ. வள்ளியப்பா இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக வாழ்நாள் முழுவதும் எழுதியவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் காண முன்னின்றவர். அவருடைய 'மலரும் உள்ளம்' நம் பட்டியலில் இல்லாதது கண்டு திகைத்தேன். வள்ளியப்பாவின் பாட்டில் சொல் எளிது என்று எல்லாரும் சொல்வர். எளிமை மட்டும் அன்று, தாளம் பிசகுவதில்லை. தமிழ் எழுத்து அறியாத குழந்தையும் இரண்டாம் முறை கேட்கும்போது அடியின் ஈற்றுச் சொல்லைத் தானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. எதுகையும் மோனையும் என்ன வேலை செய்கின்றன என்பதை யாப்பருங்கலக்காரிகையில் படித்துத் தேர்வு எழுதிய எனக்கு, அவை வேலை செய்வதைக் கண்ணால் கண்டது அப்போதுதான். கவிமணியின் 'மலரும் மாலையும்' நூலில் உள்ள குழந்தைப் பாடல்களையும், ம. இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லை பொம்மை'யையும் இவற்றோடு சேர்க்க வேண்டும். பின்னது 2011ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது.

உரைநடையில் வாய்விட்டுப் படிக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த நூல் ராஜாஜியின் 'வியாசர் விருந்து'. அரசியலில் அவரோடு ஒத்துப்போகாதவர்கள் நம் சங்கத்திலேயே பலர். எனக்கும் அவரோடு வழக்கு உண்டு. ஆயினும் அவருடைய வாக்கியம் மூச்சுக்கு மூச்சு நிற்கும் வாக்கியம். படிப்பவர் திணற மாட்டார். கேட்பவர் வழி தவற மாட்டார். பகல் முழுவதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வரும் தந்தை, தமிழைத் தாமே தட்டுத் தடுமாறிப் படிப்பவராயினும், இரவில் பத்து நிமிடம் இதனைப் படித்துக் காட்டிவிடலாம். அடுத்து என்ன ஆயிற்று என்று குழந்தை கேட்குமாறு ஒவ்வோர் அத்தியாயமும் முடிகிறது.

கி. ராஜநாராயணனின் 'தாத்தா சொன்ன கதைகள்' நூலை முன்மொழிந்தபோது, கரிசல் வட்டாரச் சொற்கள் கொல்கத்தாக் குழந்தைக்கு எப்படிப் புரியும் என்று நண்பர் ஒருவர் வினவினார். நல்ல வினா. என் விடை இது: புரியாத சொல் வரும்போது குழந்தை அம்மாவைக் கேட்கும், அம்மா பாட்டியைக் கேட்பாள், பாட்டி ஊரில் இருந்தால் தொலைபேசியில் கேட்பாள். அந்தப் பாட்டியிடம் அவ்வீட்டார் கேட்பதற்கு வேறு என்னதான் வைத்திருக்கிறார்கள்? மருந்து சாப்பிட்டாயா என்பதோடு பேச்சு முடிகிறது. சொல் ஒன்றுக்குப் பொருள் கேட்டால் கிழவி அரை மணி நேரம் பேசுவாள்.

இனி, தானே படிக்கத் தொடங்கிய குழந்தைக்கு. எட்டு வயது முதல் பன்னிரண்டு வரை என்று வைத்துக்கொள்வோம். இவ்வயதில் நம் வீடுகளில் நடக்கும் தவற்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தை தமிழ் படிக்கிறது என்று தெரிந்த உடனே அதன் கையில் 'பொன்னியின் செல்வ'னைத் திணிக்கிறார்கள். 1950 முதல் நான்காண்டுக் காலம் வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்க வைத்த தொடர்கதை அது; பெரியவர்களுக்காக எழுதப்பட்டது; ஐந்து பாகங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு முதற்பாகத்தின் தடிமனே அச்சம் தரும். இருபதாம் பக்கத்தில் அது நூலை மூடிவிடும். பின்பு, "தமிழ்ப் புத்தகம் எனக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பும் சொல்லிவிடும். பதினான்கு வயதில் தானே கண்டெடுத்து இரவெல்லாம் விழித்துப் படிக்க வேண்டிய நூலை, ஒன்பது வயதில் கொடுத்துக் கெடுத்துவிடுகிறோம். பெட்டியில் அது வேண்டாம். பெரிய அலமாரியின் மேல் தட்டில், எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அங்கே இருந்தால்தான் எடுப்பார்கள்.

அதற்குப் பதிலாக நான் சொல்லும் நூல் அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. ருஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. ரஸ்கினின் சிறு மகள் அடிக்கடி நோய்வாய்ப்பட்டாள். படுக்கையில் கிடந்தவளுக்கு, தாம் சிறுவனாக இருந்தபோது செய்த அசட்டுத்தனங்களை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவைதாம் இந்நூல். முதற்கதையில், புதிதாக வாங்கித் தந்த பந்தை மோட்டார் காரின் அடியில் உருட்டிப் பார்க்கிறான் சிறுவன். வேறொரு கதையில், பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று எல்லாரும் கேட்க, இரவுக் காவற்காரன் என்கிறான். பிறகு ஐஸ்கிரீம் விற்பவன் என்கிறான். பகலில் அது, இரவில் இது என இரண்டும் ஆகலாமே என்கிறான். ஒரு கட்டத்தில் நாயாக ஆகிவிடுவது என்றே முடிவு செய்து குரைத்துப் பழகுகிறான்! நம் வீடுகளில் தந்தை என்பவர் தேர்வில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவர், பொய் பேசாதவர், பத்து மைல் நடந்து பள்ளிக்குப் போனவர். அத்தகைய தந்தையரின் பிள்ளைகளுக்கு இந்நூல் எவ்வளவு ஆறுதல் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வாசிப்பு முடிந்ததும் பையன் ஒருவன் தன் அப்பாவை நோக்கி, "நீ என்ன பண்ணினே?" என்று கேட்டான். மிகவும் கண்டிப்பானவர் என்று பெயர் பெற்ற அந்த மனிதர் கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு கோயில் குளத்தில் வாத்தியாரின் செருப்பை மிதக்க விட்ட கதையைச் சொன்னார். அவர் மனைவியே அதை அன்றுதான் கேட்டாராம்.

சோவியத் நாட்டு நூல்கள் மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, மலிவு விலையில் நம் ஊர் மூலைமுடுக்கெல்லாம் வந்துகொண்டிருந்த காலம் 1991ஓடு முடிந்தது. கெட்டி அட்டையும் வண்ணப் படமும் கொண்ட அந்நூல்கள் சில வீடுகளில் இன்றும் பரண்மேல் கிடக்கும். உறுப்பினர்கள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பரணைத் துழாவிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவற்றுள் சிலவற்றைத் தமிழ்நாட்டுப் பதிப்பகங்கள் மறுபதிப்பும் செய்துள்ளன.

இன்னொன்று 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானில் தெத்சுகோ குரோயநாகி என்னும் அம்மையார் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வெளியான நூல். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ஒரு பள்ளி வேண்டாம் என்று வெளியேற்றிய சிறுமியை வேறொரு பள்ளியின் தலைமையாசிரியர் எதிரே உட்கார வைத்து, அவள் பேசி ஓயும்வரை மணிக்கணக்கில் கேட்கிறார். அப்பள்ளியின் வகுப்பறைகள் பழைய ரெயில் பெட்டிகள். உலகப் போரின்போது குண்டுவீச்சில் அது எரிந்துபோனது என்று நூல் முடிகிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். துயரம் வருகிறதே என்று தயங்க வேண்டாம். நூலில் வரும் துயரத்தைக் குழந்தைகள் நம்மைவிட நன்றாகத் தாங்குகின்றனர்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். பறவைகளிலும் அவற்றின் முட்டைகளிலும் மனம் பறிகொடுத்த சிற்றூர்ச் சிறுவனைப் பற்றிய கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' கட்டாயம் வேண்டும். அறிவியலுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழுக்குச் சந்தா கட்டிவிடலாம். பெ. தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சிய'த்தின் தொகுதி ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் விடக்கூடாது. செய்திகள் பழையனவாயினும், அறிவியலைத் தமிழில் எவ்வாறு கூறுவது என்பதற்கு அது இன்றும் பாடம். இக்காலத்து எழுத்தில் எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இருக்கட்டும். பெற்றோர் பேசக் கூச்சப்படும் செய்தியை, தகாத முறையில் தொடுவோரிடமிருந்து குழந்தை தன்னைக் காத்துக்கொள்வதை, மரப்பாச்சியின் வாயால் பேசும் கதை அது. கீழடியைக் கதையாக்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யும் இருக்கட்டும். இரா. நடராசனின் 'ஆயிஷா'வைப் பற்றிக் கேட்டார்கள். அது குழந்தைக்கு அன்று. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் கொடுக்க வேண்டிய கதை. ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் நம் உறுப்பினர்கள் முதலில் படிக்கட்டும்.

"அப்படியானால் நீதியே வேண்டாமா? குறளே வேண்டாமா?" என்று செயற்குழுவில் ஒரு பெரியவர் வெகுண்டு கேட்டதாக அறிந்தேன். குறளுக்கு நான் எதிரி அல்லன். 1330 குறட்பாக்களையும் ஒப்பிக்கும் குழந்தைக்கு மேடையில் பரிசு கொடுக்கும் விழாக்களை நான் பார்த்திருக்கிறேன். அவ்விழா ஒன்றில் பரிசு பெற்ற சிறுவனிடம் விழா அழைப்பிதழைக் காட்டி, தன் பெயர் எங்கே அச்சாகியிருக்கிறது என்று கேட்டேன். அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்தானாம். அச்சிறுவனிடம் ஒரு குறையும் இல்லை. அவன் நினைவாற்றல் வியப்புக்குரியது. கைத்தட்டிவிட்டு வீடு திரும்பிய நாம்தான், அவன் தமிழ் கற்றுவிட்டான் என்று நம்பினோம். குறள் எங்கும் போய்விடாது. இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்தது, இன்னும் ஆறேழு ஆண்டு காத்திருக்கும். தமிழ் படிப்பது இன்பம் என்று அறிந்த பிள்ளை பதினைந்து வயதில் தானே அதைத் தேடிச் செல்வான். அவ்வின்பம் அறியாத பிள்ளை ஒப்பித்த குறளையும் மறந்துவிடுவான்.

வங்காளத்தில் இத்துணைச் செல்வம் இருக்கையில் இக்குழந்தைகள் அதையே படித்துவிட்டுப் போகட்டுமே, தமிழ் எதற்கு என்று கேட்போரும் நம்மிடையே உண்டு. படிக்கட்டும், நானே சுகுமார் ராயைப் படிப்பதற்காகத்தான் வங்காள எழுத்தைக் கற்றேன். ஆனால் வங்காளியைத் தெருவும் பள்ளித் தோழரும் கற்பித்துவிடுவர். ஆங்கிலத்தைப் பள்ளி விடாது. தமிழுக்கு மட்டும் இந்நகரில் வீட்டைத் தவிர நாதியில்லை. ஒரு தலைமுறையில் எழுத்து போகிறது; அடுத்த தலைமுறையில் பேச்சும் போய், "என் பாட்டி தமிழ் பேசுவார்" என்ற செய்தி மட்டும் எஞ்சுகிறது. இப்படிச் சொல்லும் சக மாணவர் இருவர் நம் விடுதியிலேயே இருக்கின்றனர். தம் தாத்தா எழுதிய நாட்குறிப்பை என்னிடம் கொண்டுவந்து, படித்துச் சொல்லுமாறு கேட்டார் ஒருவர்.

இவ்விடத்தில் நம் போன்றோர் செய்யக்கூடிய தனிப்பணி ஒன்றும் இருக்கிறது. இந்நகரில் பல்லாண்டு வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி வங்காளத்திலிருந்து தமிழுக்கு எத்தனையோ நூல்களைக் கொண்டு வந்தார். ஃபெலூடாக் கதைகள் வீ. பா. கணேசனின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கின்றன; அவை பெட்டியில் அவசியம் இடம்பெற வேண்டும். எதிர்வீட்டுத் தோழன் வங்காளத்தில் படிக்கும் கதையையே நம் குழந்தை தமிழில் படித்துவிட்டு, இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து கொலைகாரன் யார் என்று சண்டையிட்டுக் கொள்ளலாம். உபேந்திரகிஷோரின் சிட்டுக் கதைகளையும், வேறு சிறு கதைகளையும் நாமே ஆளுக்கு ஒன்றாக மொழிபெயர்த்துக் கையெழுத்துப் படியாக இப்பெட்டியில் வைத்தால் என்ன? வங்காளம் பயிலும் உறுப்பினர் ஐவர் இருக்கிறோம். சுகுமார் ராயை நான் தொட மாட்டேன். அவர் சொல்லைப் பெயர்ப்பது கழைக்கூத்து. துணிந்தவர் செய்யட்டும்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்கள் இரண்டு. பெட்டியோடு கூட, படித்துக் காட்ட ஒருவரும் போக வேண்டும். மூன்று பேரால் எல்லா வீட்டுக்கும் போக இயலவில்லை, இன்னும் பத்துப் பேர் வேண்டும். பெட்டியில் ஒரு குறிப்பேடும் வைக்க வேண்டும். குழந்தைக்கு நூல் பயன்பட்டதா, என்ன நீதி கற்றது என்றெல்லாம் அதில் எழுத வேண்டாம். எந்த நூலை இரண்டாம் முறை கேட்டது என்பதை மட்டும் வீட்டார் குறித்தால் போதும். ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்பேட்டை முன்னால் வைத்துக்கொண்டு அடுத்த பட்டியலைப் போடலாம். அதுவரை மூன்று திருக்குறள் உரைகளில் ஒன்று இருக்கட்டும். மற்ற இரண்டின் விலைக்கு 'அப்பா சிறுவனாக இருந்தபோது' இன்னொரு படி வாங்கி வைத்துக்கொள்வோம். முதற்படி ஆறு மாதத்துக்குள் நிச்சயமாகக் கிழிந்துவிடும்.